அடுக்கு வயல், ஊற்று, தானியக் கிடங்கு: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அடுக்கு வயல்களின் கற்சுவர்கள், ஊற்றுத் தொட்டியும் குழாய்ப் பாதையும், தானியத்துக்கும் விதைக்குமான கிடங்கு ஆகிய பணிகள் முடிந்து இன்று உறுப்பினர்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்படுகின்றன. பாதை துண்டிக்கப்படும் மலை ஊரில், பழைய தானியம் தீர்ந்து புதியது களத்துக்கு வராத மாதங்கள்தான் பசி மாதங்கள். அந்த இடைவெளியை அடைப்பதே எல்லாப் பணிக்கும் நோக்கம். விளைச்சலை மட்டும் கூட்டினால் போதாதா என்று தொடக்கத்தில் சிலர் கேட்டார்கள். மண் வழிந்தோடும் சரிவில் போட்ட உரம் மழையோடு போய்விடும். ஈரத்தோடு கட்டிய மூட்டையில் கூடுதல் விளைச்சலும் பூஞ்சணத்துக்கே போகும். அதனால்தான் சுவரில் தொடங்கிக் கிடங்கில் முடித்தோம்.

கற்சுவர்கள்

சரிவில் ஒரே உயரத்தில் ஓடும் மட்டக்கோடு குறிப்பது முதல் வேலை. 2 மீட்டர் நீளக் கம்புகள் இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவே குறுக்குக் கட்டை வைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்ட சட்டமே கருவி. இரு கால்களையும் ஊன்றி, நூல் தொடும் இடத்தைக் குறுக்குக் கட்டையில் குறிக்க வேண்டும். கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறித்தால், இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளி மட்டம். ஈரத்தில் கட்டு இளகும் என்பதால் தினமும் காலையில் இதைச் சரிபார்த்த பிறகே வேலை தொடங்கியது.

சுவர் எழும் அடிக்குழியின் (வானம்) ஆழம் 40 செ.மீ., அல்லது கெட்டித்தரை தட்டும்வரை. அதன் அடித்தளம் மலைப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும். சுவர் உயரம் எங்கும் 1.2 மீட்டரைத் தாண்டவில்லை. அடி அகலம் 60 செ.மீ.; 6 பங்கு உயரத்துக்கு 1 பங்கு என்ற கணக்கில் மலைப்பக்கம் சாய்த்துக் கட்டியது. பெரிய கற்கள் அடியில். ஒவ்வொரு கல்லின் நீளவாட்டும் சுவருக்குள் போக வேண்டும். முகப்பு அகலமாகத் தெரியட்டும் என்று குறுக்கே கிடத்திய கல் சீக்கிரம் கழன்று வரும். இரண்டு கல் சேரும் இடத்தின் மேல் மூன்றாவது கல் ஏறி உட்கார வேண்டும். பாதி உயரத்தில் மீட்டருக்கு ஒன்று வீதம், சுவரின் முழு அகலத்துக்கும் நீளும் கல் வைக்கப்பட்டுள்ளது.

சுவரின் பின்புறத்தில் 30 செ.மீ. அகலத்துக்குச் சில்லுக்கல் நிரப்பு உண்டு. வெளியில் தெரியாத இந்த நிரப்புதான் சுவரின் உயிர். முதல் பெருமழையில் கீழ் அடுக்கில் இரண்டு இடங்களில் சுவர் வயிறு தள்ளியது. பிரித்துப் பார்த்தால், சில்லுக்கல் போதாமல் அங்கே மண்ணையே நிரப்பியிருந்தது. ஊறிய மண் கனத்துச் சுவரைத் தள்ளும். கல் இடுக்கு வழியே தண்ணீர் வடிந்துவிட்டால் அந்தத் தள்ளல் பெரிதாக இராது. இரண்டு இடங்களையும் அடிவரை பிரித்து மீண்டும் கட்டினோம். சிமெண்ட் பூசினால் உறுதியாக இருக்குமே என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்: இடுக்கை அடைத்தால் தண்ணீர் பின்னால் தேங்கும். காரை இல்லாமல் கல் அடுக்கும் திறனை 8 ஐரோப்பிய நாடுகளின் பெயரில் யுனெஸ்கோ 2018-இல் மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மலையில் வாழும் எல்லோருக்கும் உரிய திறன் அது என்று கருதுகிறோம்.

வயலை வெட்டுமுன் மேல்மண் 20 செ.மீ. தனியே குவிக்கப்பட்டு, தட்டு (சமப்படுத்திய வயல் படி) அமைந்த பிறகு திரும்பப் பரப்பப்பட்டது. இதை விட்டால் அடிமண்ணில் சில பருவம் வெறுமனே போகும். தட்டு மலைப்பக்கம் லேசாகச் சாய்கிறது. மேல்சுவரின் அடியில் ஓடும் வாருகால் 100 மீட்டருக்கு அரை மீட்டர் வாட்டத்தில் நீரைக் கொண்டுபோய்க் கல் பாவிய இறக்கத்தில் விடும். அந்த இறக்கத்தின் கீழ்முனையில் பெரிய கற்களை ஆழப் பதிக்காவிட்டால் அரிப்பு அங்கே தொடங்கி மேல்நோக்கி ஏறும்.

கல் கிடைக்காத மேட்டுச் சரிவில் வேலி வரிசை முறையைக் கையாண்டோம். 1970-களில் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் உருவான முறை இது. மட்டக்கோட்டில் 4 முதல் 5 மீட்டர் இடைவெளி விட்டு, தழைச்சத்தை நிலைநிறுத்தும் குற்றுமரங்களை இரட்டை வரிசையாக நெருக்கி விதைக்க வேண்டும். அவற்றை வெட்டும் தழையை நடுவிலுள்ள பயிருக்கு மூடாக்காகப் போடலாம். வரிசையில் ஓரிடம் செத்தாலும் மழைநீர் முழுவதும் அந்த வாய் வழியே பாயும் என்பதால் இடைவெளி விழுந்த இடத்தில் உடனே மறுவிதைப்பு வேண்டும்.

ஊற்றும் குழாயும்

ஊற்றின் நீர்வரத்தைக் கோடையின் கடைசி வாரங்களில் அளந்தோம். 10 லிட்டர் வாளி 50 விநாடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு 12 லிட்டர், நாளொன்றுக்கு 17,280 லிட்டர். மழைக்காலத்தில் அளந்து தொட்டி கட்டினால் கோடையில் வெறுந்தொட்டிதான் மிஞ்சும். இந்த வரத்தில் பாதியைக் கீழேயுள்ள ஓடைக்கு விட்டுவிடுவது என்ற தீர்மானம் தொடர்கிறது.

ஊற்றுக்கண்ணைத் தேடித் தோண்டும்போது பாறை தெரிந்ததும் நிறுத்த வேண்டும். அடிப்பாறையை உடைத்தால் தண்ணீர் வேறு வழி பார்த்துப் போய்விடும். ஊற்றுநீரைப் பிடிக்கும் பெட்டியின் மிகைநீர்க் குழாய் ஊற்றுக்கண்ணுக்குக் கீழே இருப்பதும் அதே காரணத்துக்காக: பெட்டியில் நீர் ஊற்றுக்கண்ணுக்கு மேல் ஏறி எதிர்த்து அழுத்தினால் ஊற்று இடம் மாறும். ஆகவே அந்தக் குழாயை யாரும் அடைக்கவோ உயர்த்தவோ வேண்டாம். பெட்டிக்கு 8 மீட்டர் மேலே மழைநீரைத் திருப்பும் வாய்க்காலும், கால்நடை வராமல் வேலியும் உள்ளன.

தொட்டி பெரோசிமெண்ட் (கம்பி வலையின் மேல் சிமெண்ட் கலவை பூசிக் கட்டுவது), உள்விட்டம் 2.5 மீட்டர், நீர் உயரம் 2 மீட்டர், கொள்ளளவு ஏறத்தாழ 10,000 லிட்டர். கம்பிக்கூட்டின் மேல் இரண்டு சுற்றுக் கோழிவலை, 1 பங்கு சிமெண்டுக்கு 2 பங்கு கழுவிய மணல். பூச்சை ஒரே நாளில் முடித்து, 14 நாள் ஈரச்சாக்கு போர்த்திக் காத்தோம். உறைபனி இரவு வரும் மாதத்தில் இந்தப் பூச்சு வேலையே கூடாது; இறுகாத கலவைக்குள் தண்ணீர் உறைந்தால் உள்ளேயே வெடிப்பு விடும்.

தொட்டியிலிருந்து கடைசி வயலுக்கு 110 மீட்டர் இறக்கம். 10 மீட்டர் இறக்கத்துக்கு ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தம் ஏறும். நாம் பதித்த குழாய் 6 பார் மட்டுமே தாங்கும். எனவே 55 மீட்டர் இறக்கத்தில் அழுத்தம் உடைக்கும் சிறு தொட்டி ஒன்று உண்டு. மேடான இரு இடங்களில் காற்று வால்வும், தாழ்வான இடத்தில் வண்டல் வெளியேற்றும் வாயும் உள்ளன. குழாய் நல்ல நிலையில் இருந்தும் தண்ணீர் வராவிட்டால் முதலில் காற்று வால்வைப் பாருங்கள். மேட்டில் சிக்கிய காற்று தண்ணீரை நிறுத்திவிடும்.

கிடங்கு

கொள்ளளவு இப்படிக் கணக்கிடப்பட்டது: ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம் தானியம், 80 கிராம் பருப்பு. 90 நாளுக்கு 36 கிலோ தானியம், 7.2 கிலோ பருப்பு. இதிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,680 கிலோகலோரி கிடைக்கும். அவசரகால உணவுக்கு உலகளவில் வைக்கும் 2,100 கிலோகலோரியில் மீதியைக் கிழங்கும் கீரையும் எண்ணெயும் ஈடுகட்ட வேண்டும்.

தளம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரம். ஒவ்வொரு காலிலும் கவிழ்த்த புனல் வடிவில் தகரம். இல்லையென்றால் எலி ஏறிவிடும். சுவரில் சாய்த்து வைத்த பலகையோ ஏணியோ தகரத்தை வீணாக்கும். மூட்டைகள் சட்டத்தின் மேல், சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

உள்ளே வரும் தானியத்தின் ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஈரமானி இல்லாதபோது காய்ந்த கண்ணாடிப் புட்டியில் தானியத்தோடு காய்ந்த உப்பைப் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல்; திரும்பவும் வெயிலுக்குப் போக வேண்டும். ஒட்டாவிட்டாலும் ஒரு வெயில் கூடுதலாகக் காட்டுவது நல்லது. காற்றுப் புகாப் பையில் பிராணவாயு தீர்ந்து வண்டு சாகும். ஆனால் ஈரத் தானியத்தை அதில் கட்டினால் பூஞ்சணம் பிடித்து நஞ்சாகும். கழுவினாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

விதைக்குத் தனி அறை, வடக்கு நிழலில். விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால், அல்லது வைக்கும் இடம் 5 டிகிரி குளிர்ந்தால், விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். மக்காச்சோளம் போல அயல் மகரந்தம் ஏற்கும் பயிருக்குக் குறைந்தது 100 செடிகளிலிருந்து விதை எடுங்கள். விதைக்கான உருளைக்கிழங்கைத் தட்டுகளில் பரப்பி நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் முளை குட்டையாக, தடிப்பாக வரும். பச்சை ஏறிய அந்தக் கிழங்கைச் சமைக்கக் கூடாது.

பொறுப்புகள்

மழைக்கு ஒரு மாதம் முன்பு வாருகால் தூர்வாரி, சுவர்களை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். வயிறு தள்ளிய இடம் கைப்பிடி அளவு என்றாலும் அப்போதே பிரித்துக் கட்டுங்கள். தொட்டியை ஆண்டுக்கு இருமுறை கழுவ வேண்டும். கிடங்கில் 15 நாளுக்கு ஒருமுறை மூட்டைக்குள் கைவிட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் அன்றே வெளியே எடுத்துக் காயவைக்க வேண்டும். மேல் அடுக்கின் கடைசி இரண்டு தட்டுகளுக்குக் கல் போதவில்லை. அவை இப்போதைக்கு வேலி வரிசையோடு நிற்கின்றன, உழ வேண்டாம். மிச்சமான குழாய் இணைப்புகளும் காற்று வால்வு ஒன்றும் கிடங்கின் கீழ்ப்பெட்டியில் உள்ளன. பொருள் கணக்கேடும் அங்கேயே இருக்கிறது. உறுப்பினர் யாரும் எந்நேரமும் எடுத்துப் பார்க்கலாம்.