பிள்ளைகளுக்குப் பாதிக் கதை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் பிள்ளை வளர்ப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகள் ஆலயத்தை விட்டு விலகுவதற்கு செல்போனும் வெளியூர் வேலையும்தான் காரணம் என்று அதில் எழுதியிருந்தார்கள். பொறையாறு பக்கம் பல வருடமாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவள் நான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திருச்சபையின் கதையை நாம் பிள்ளைகளுக்குப் பாதிதான் சொல்கிறோம். மீதியை அவர்கள் வீட்டிலும் தெருவிலும் தாங்களாகவே தெரிந்துகொள்கிறார்கள். அப்புறம் நாம் சொன்ன பாதியும் அவர்கள் மனதில் நிற்பதில்லை.

எங்கள் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 1706 ஜூலை 9 அன்று ஜெர்மனியைச் சேர்ந்த மிஷனெரி சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்திறங்கியதைச் சொல்வார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததும் 1718இல் புதிய எருசலேம் ஆலயம் கட்டியதும் அவர்களுக்கு மனப்பாடம். ஆண்டுவிழாப் போட்டிக்கு அது போதும். ஆனால் அந்த ஜெர்மானியர் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்ததும், பெண்பிள்ளைகள் எழுத்தறிவதை யாரும் நினைத்துப் பார்க்காத அந்தக் காலத்தில் அவர்களுக்குப் பள்ளி தொடங்கியதும் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு விதவைக்கு நியாயம் கேட்கப் போனதற்காக, அவரை இங்கே அனுப்பிய டென்மார்க் நாட்டின் கம்பெனி அதிகாரியே அவரைக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தார். ஏழைக்காகப் பேசினால் நம்மவர்களே நம்மைத் தண்டிக்கலாம் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

தஞ்சாவூரில் ஊழியம் செய்த மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் விஷயமும் அப்படித்தான். தஞ்சை மன்னர் துளஜா தத்தெடுத்த சிறுவன் சரபோஜியை, துளஜாவுக்குப் பின் ஆட்சிக்கு வந்த அமர்சிங் இருட்டறையில் பூட்டி வைத்திருந்தபோது, அவனுக்காக வாதாடியவர் அவர். 1793இல் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தவரும் அவர்தான். கையில் கிடைத்த அரச பிள்ளையை மதம் மாற்றவில்லை. சரபோஜி கடைசி வரை தம் முன்னோர் சமயத்திலேயே இருந்தார். ஆனாலும் 1798இல் இறந்த அந்தப் போதகருக்கு இங்கிலாந்திலிருந்து பளிங்குச் சிற்பம் செய்து வரவழைத்துத் தஞ்சை ஆலயத்தில் வைத்தார். கிறிஸ்தவப் பிள்ளை வளர்ப்பு என்று யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் அந்தச் சிற்பம்தான் நினைவுக்கு வரும்.

சரி, இவையெல்லாம் பெருமைப்படும் பக்கங்கள். நாம் மறைப்பது வேறு பக்கத்தை.

ராஜநாயக்கன் என்று ஒரு உபதேசியார் இருந்தார். தஞ்சை ராஜாவின் படையில் சேவகம் பார்த்தவர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகத்தை வாசித்து அந்த மிஷனெரிகளின் லுத்தரன் சபைக்கு வந்தவர். வேலையை விட்டு, அடியும் மிரட்டலும் தாங்கி ஊர் ஊராக ஊழியம் செய்தார். 1741இல் இன்னொரு தமிழருக்குப் போதகராகும் குருப்பட்டம் கொடுத்தபோது அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் பறையர் சமூகத்தில் பிறந்தவர். அவர் கையால் நற்கருணை வாங்க மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் மறுப்பார்கள் என்று மிஷனெரிகள் பயந்தார்கள். ஆலயத்துக்குள்ளேயே சாதிவாரியாகத் தனித்தனி இடம் ஒதுக்கி உட்கார வைத்தார்கள். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாக உத்தரவிட்டபோது, தஞ்சாவூரில் பலர் சாதியை விட மனமில்லாமல் சபையை விட்டே வெளியேறினார்கள்.

இதை நான் வகுப்பில் சொன்னேன். ஒரு பெண், "அப்போ அவருக்குக் கடைசி வரைக்கும் பட்டம் கொடுக்கவே இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அடுத்த வாரம் சபை மூப்பர்கள் இருவர் வந்து, சின்னப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் கிளற வேண்டாம் என்றார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பெண் வீட்டில் மணமகள் தேவை விளம்பரம் வாசிக்கிறாள். அதில் கிறிஸ்தவர் என்று போட்டு, பக்கத்திலேயே சாதியும் போட்டிருக்கிறது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சுவர் நிற்கிறது. இதையெல்லாம் பார்க்கிற பிள்ளையிடம் கேள்வி கேட்காதே என்று சொல்வதுதான் அவளை வெளியே தள்ளுகிறது. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று பவுல் எபேசியருக்கு எழுதியதைப் பிரம்புக்கு மட்டும் பொருத்திப் பார்க்கிறோம். உண்மையை மறைத்தால் வருகிற கோபம் பிரம்படியால் வருவதைவிட ஆழமானது.

பெற்றோர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்ததும் ஒரு பத்து நிமிடம் ராஜநாயக்கனைப் பற்றியும் பேசுங்கள். பிள்ளை கேள்வி கேட்டால், நம் முன்னோர் செய்தது தவறு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜூலை 9 விழா மேடையில் சீகன்பால்கு பெயரோடு அவர் பெயரும் ஒலிக்க வேண்டும், ஞாயிறு பள்ளிப் பாடப் புத்தகத்தில் அவருக்கும் ஒரு பாடம் வேண்டும். சபைத் தலைவர்கள் உங்கள் இதழைப் படிக்கிறவர்கள். ராஜநாயக்கனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டால், அதை எங்கள் வகுப்பில் நானே வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர்,
பொறையாறு, மயிலாடுதுறை மாவட்டம்.