வளரும் அளவைச் சொல்லாமல் மீன் விற்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் வாரமலரில் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில்கள் வரிசையில் அலங்கார மீன் வளர்ப்பைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் அழகாக இருந்தன. நடுவில் ஒரு வரி: "மீன் தொட்டியின் அளவுக்குத்தான் வளரும், ஆகவே பெரிய இன மீன்களையும் சிறிய தொட்டியில் தாராளமாக வளர்க்கலாம்." இதை அச்சேற்றுவதற்கு முன் யாரிடமாவது கேட்டீர்களா ஐயா? நம் மட்டக்களப்பு மாவட்டத்தில், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே விலங்கியல் படிப்பிக்கிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்புப் போதுமே.

மீன் தொட்டியை அளந்து பார்த்து வளர்வதில்லை. இடம் காணாத தொட்டியில் அதன் கழிவே அதற்கு நஞ்சாகிறது. அமோனியா ஏறுகிறது, வளர்ச்சி குன்றுகிறது, முதுகெலும்பு வளைகிறது, பத்துப் பதினைந்து வருடம் வாழக்கூடியது சில வருடத்திலோ சில மாதத்திலோ சாகிறது. சாப்பாடு போதாமல் மெலிந்த பிள்ளையைப் பார்த்து 'வீட்டுக்கு ஏற்ற அளவான பிள்ளை' என்று சொல்வோமா? தங்கள் கட்டுரை சொன்னது அதைத்தான். சாகாமல் தப்பும் மீனோ தொட்டியை விட்டு வெளியே போகிறது. எங்கே போகிறது என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

நான் உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஆரையம்பதியில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் தோட்டத்துக்குத் தண்ணீர் தேக்க என் கணவர் கட்டிய பெரிய சீமெந்துத் தொட்டி ஒன்று உண்டு. அவர் போன பிறகு அதில் கொஞ்சம் மீன் விட்டேன். அது ஊருக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து, வீட்டில் வைத்திருக்க முடியாமல் வளர்ந்துவிட்ட மீன்களெல்லாம் வாளியில் என் வாசலுக்கு வருகின்றன. "ரீச்சர், உங்கட தொட்டி பெரிசுதானே, இதையும் விடுவமா?"

ஒருமுறை என் பழைய மாணவர் ஒருவர், இப்போது இரண்டு பிள்ளைகளின் தகப்பன், ஓட்டோவில் ஒரு மீனைக் கொண்டுவந்தார். மகனின் பிறந்தநாளுக்கு வாங்கியது. கடையில் அதற்கு 'ஷார்க்' என்று பெயர். சுறாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மீகொங் ஆற்றில் கூட்டமாக இடம்பெயரும் கெளிறு இனம், ஒரு மீற்றருக்கு மேல் வளரும், நாற்பது கிலோவைத் தாண்டும். பங்கசியஸ் என்று சுப்பர் மார்க்கெட்டில் துண்டு போட்டு விற்கிறார்களே, அதேதான். வாங்கும்போது விரல் நீளம், வாளியில் வந்தபோது முழங்கை நீளம். இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குள் திரும்ப முடியாமல், யாராவது மின்விளக்கைப் போட்டால் வெருண்டு கண்ணாடியில் மோதி மோதி அதன் மூக்கு கிழிந்திருந்தது. பிள்ளை அழுதுகொண்டு நின்றான்.

"வாங்கின கடையிலேயே கொடுக்கலாமே தம்பி?" என்று கேட்டேன். விற்றதைத் திருப்பி எடுப்பதில்லை என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். "நீங்க எடுக்காட்டி ஆத்துல விடுறதுதான் ரீச்சர். கொல்ல மனமில்ல." எடுத்தேன். வேறு என்ன செய்வது?

அடுத்து வந்தது ரெட் டெயில் கெற் பிஷ், அமேசன் ஆற்று மீன். குஞ்சில் அதன் சிவந்த வாலையும் மீசையையும் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வளர்ந்தால் நான்கு அடியை எட்டும். வாய்க்குள் அடங்குகிற எதையும் விழுங்கும். அதை என்னால் ஏற்க முடியவில்லை, தொட்டியில் உள்ள மற்றதெல்லாம் அதற்கு இரையாகிவிடும். கொண்டுவந்தவரைப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் கண்டபோது மீன் என்ன ஆயிற்று என்று விசாரித்தேன். மறுமொழி சொல்லாமல் சிரித்தார்.

இவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவர்களில் பாதிப் பேர் வாங்கியிருக்க மாட்டார்கள். இவர்கள் மனமிரங்கித்தான் ஆற்றில் விடுகிறார்கள். கொல்லாமல் விட்டோம், புண்ணியம் என்று வீட்டுக்குப் போகிறார்கள்.

நம்முடைய வாவி எப்படிப்பட்டது என்று மட்டக்களப்பில் பத்திரிகை விற்கும் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை 56 கிலோமீற்றர். உவர்நீரில் ஆற்று மீன் எங்கே பிழைக்கும் என்று கேட்பவர்கள், மாரியில் குளங்கள் வான் பாய்ந்து வெள்ளம் இறங்கும்போது அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்க்கட்டும். வெள்ளம் கடலுக்குப் போக முகத்துவாரத்தை வெட்டும்வரை வாவியின் பெரும்பகுதி கிட்டத்தட்ட நன்னீர்தான். வாவியோடு தொடுத்து எத்தனை வாய்க்கால், எத்தனை வில்லு (பள்ளத்து நீர்நிலை), எத்தனை குளம்! 2011 ஜனவரியில் வீடுகளுக்குள் நெஞ்சளவு தண்ணீர் நின்றதை மறந்துவிட்டோமா? 2024 நவம்பரில் அம்பாறைப் பக்கம் பட்ட பாட்டை மறந்துவிட்டோமா? மனிதர் உயிர் தப்ப ஓடுகிற நேரத்தில் முற்றத்துத் தொட்டியை வலைபோட்டு மூட யார் நிற்பார்? யாரும் வேண்டுமென்று விடாமலே மீன் போய்விடும்.

'டேங்க் கிளீனர்' என்று விற்கிறார்களே, பாசி தின்னும், தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று. அதுவும் ஒன்றரை அடி வரை வளர்வது. கவசம் போட்ட உடம்பு, முள் போன்ற செட்டை. எங்கள் பக்கத்தில் வீச்சு வலை வீசும் ஒருவர் அது சிக்கி வலையின் கண்கள் அறுந்ததைக் காட்டினார். விலைக்கும் போகாது, கறிக்கும் ஆகாது, வலையைத் தைக்கிற நேரம் அவருடைய ஒரு நாள் உழைப்பு. இன்னொன்றையும் விவசாயிகள் கேட்கட்டும்: அந்த மீன் முட்டையிடக் கரையைத் துளைத்துப் பொந்து தோண்டும். மூன்று அடி ஆழத்துக்குக்கூடத் தோண்டும். குளக்கட்டை நம்பிப் பெரும்போகமும் சிறுபோகமும் செய்கிற மாவட்டங்களில் இது விளையாட்டா?

ஆனால் இப்படி ஒரு மீன் வலையில் பட்டால் தங்கள் பத்திரிகையில் என்ன வருகிறது? மீனைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு படம், 'அதிசய மீன் சிக்கியது, மக்கள் திரண்டனர்' என்று ஒரு தலைப்பு. அமேசனில் இருக்க வேண்டியது நம்முடைய ஆற்றுக்கு எப்படி வந்தது என்று ஒரு வரி கிடையாது. வருடக்கணக்காக இதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

இது நாட்டின் மேற்குப் பக்கத்தில் நடந்து முடிந்த கதை. அலங்காரத்துக்கென்று வந்த கத்தி மீன் பொல்கொட வாவிக்குள் போய்ப் பெருகியது. 2025இல் குருநாகல் மாவட்டத்துத் தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் வெளிநாட்டுப் பெரிய விரால் பெருகி, அதைக் குறைக்கத் தூண்டில் போட்டி வைக்கும் நிலை வந்தது. நம்முடைய விரால் ஒரு கிலோ வந்தாலே பெரிது, அது ஏழு கிலோ வரை பிடிபட்டது. அங்குள்ள மீனவர் வழக்கமான மீன் குறைந்துவிட்டது என்று அழுதார்கள். போன பிறகு பிடிப்பது எவ்வளவு பாடு!

பெரிய மீன் விற்பனையைக் கட்டுப்படுத்தினால் சுயதொழில் செய்யும் பெண்கள் வயிற்றில் அடி என்று கட்டுரையாளர் சொல்லக்கூடும். அந்தப் பெண்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். சீமெந்துத் தொட்டியில் அவர்கள் வளர்ப்பது கப்பி, மொலி, பிளற்றி, பைற்றர், ஏஞ்சல். உள்ளங்கைக்குள் அடங்கும் மீன்கள். ரெட் டெயிலையும் ஷார்க்கையும் அவர்கள் யாரும் குஞ்சு பொரிக்க வைக்கவில்லை. அவை கொழும்பிலிருந்து பொலித்தீன் பையில் ஒட்சிசன் அடித்து வருகின்றன. அதைக் கட்டுப்படுத்தினால் இவர்களுக்கு ஒரு ரூபாவும் நட்டம் இல்லை, வாங்க வருகிறவர் இவர்களுடைய மீனைத்தான் வாங்குவார்.

பிரானா போன்றவற்றுக்குத் தடை இருக்கிறது, நல்லது. பல் உள்ள மீனுக்குப் பயந்து சட்டம் போடுகிறோம். கூரிய பல் இல்லாமல் நான்கு அடி வளர்வதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எல்லாவற்றையும் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு அடிக்கு மேல் வளரும் மீனை விற்க அனுமதி வேண்டும். வாங்குகிறவரிடம் அதற்கேற்ற குளமோ தொட்டியோ உண்டா என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். வளர்ந்த மீனைத் திருப்பிக் கொண்டுவந்தால் விற்ற கடை ஏற்க வேண்டும். ஏற்க வேண்டி வரும் என்று தெரிந்தால் கடைக்காரரே பத்துத் தரம் யோசித்துத்தான் கொழும்புக்கு ஓடர் கொடுப்பார். கடற்றொழில் திணைக்களத்துக்கும் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபைக்கும் இது பெரிய வேலை அல்ல. மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய நம் இரண்டு மாவட்டங்களிலும் அலங்கார மீன் கடைகள் அப்படி எத்தனை?

தங்கூசி வலையை (ஒற்றை நைலோன் இழையில் பின்னிய வலை) பற்றி முன்பு தங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். நான்கு வரியாகச் சுருக்கி, முக்கியமான பகுதியை நீக்கிப் போட்டீர்கள். கல்லடிப் பாலத்தின் கீழ் குப்பை கொட்டுவதைப் பற்றி எழுதியது வரவே இல்லை. மட்டக்களப்பை 'மீன் பாடும் தேனாடு' என்று புகழ்ந்து ஒவ்வொரு வருடமும் சிறப்பு மலர் போடுகிற பத்திரிகை, அந்த மீனைப் பற்றி எழுதுகிற வாசகருக்கு இடம் இல்லை என்கிறது. மனவருத்தம் இருந்தும் பத்திரிகை வாங்குவதை நான் நிறுத்தவில்லை.

தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அந்த வரி தவறு என்று அதே வாரமலரில், அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். அதற்குக் கீழே, கடைகளில் வழக்கமாக விற்கும் மீன்கள் வளர்ந்தால் எவ்வளவு நீளம் வரும் என்று ஒரு சிறிய அட்டவணை போடுங்கள். அடியில் போடுங்கள், சென்ரிமீற்றரில் வேண்டாம், அப்போதுதான் தாய் தகப்பன்மாருக்கு விளங்கும். நானே எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன், பல்கலைக்கழகத்தில் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகள் மீன் கேட்டு அழத் தொடங்குமுன், மாரி இறங்குமுன் வந்தால் நல்லது. இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தைச் சுருக்குங்கள், அட்டவணையில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஆரையம்பதி
(பெயரும் விலாசமும் ஆசிரியருக்கு மட்டும்)