புகையிலைப் பொட்டலமும் பூசணம் பிடித்த கடலையும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம்.

சென்ற மாதம் பள்ளியின் பின்புறச் சுவரை ஒட்டியிருந்த புதரை வெட்டிச் சுத்தம் செய்தபோது, உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்ளும் புகையிலையின் காலிப் பொட்டலங்கள் ஒரு கை நிறையக் கிடைத்தன. யார் என்று கண்டுபிடித்துத் தண்டிப்பது இக்கடிதத்தின் நோக்கமன்று. மேல்வகுப்பு மாணவர்கள் சிலருடன் தனித்தனியே பேசியபோது, "புகைதான் சார் கெடுதல், இதில் நெருப்பே இல்லையே" என்று ஒரு மாணவர் மனதார நம்பிச் சொன்னார். பல ஆண்டுகள் உயிரியல் கற்பித்த எனக்கு அந்தச் சொல் வருத்தம் தந்தது, டி.என்.ஏ.வின் அமைப்பைக் கரும்பலகையில் வரைந்து காட்டிய நாங்கள், அது எப்படிப் பழுதாகிறது என்பதைப் போதுமான அளவு சொல்லவில்லை என்று உணர்ந்தேன்.

நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ.வாக இருக்கும் மரபுச் செய்தி, அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கே எழுத்துகளால் ஆனது. தாயிடமிருந்து ஒரு படியும் தந்தையிடமிருந்து ஒரு படியுமாக நாம் பெறுகின்ற அந்தச் செய்தி, ஒரு படிக்குச் சுமார் 300 கோடி எழுத்துகள் நீளும். செல் பிரியும்போதெல்லாம் அது முழுவதும் படியெடுக்கப்படுகிறது. ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதியவர் ஓர் எழுத்தைத் தவறவிட்டால், அந்த ஏட்டைப் பார்த்து எழுதிய ஏடுகளிலெல்லாம் அதே பாடபேதம் தொடர்வதைப் போல, செல்லில் நிலைத்துவிட்ட ஒரு பிழையும் அதன் வழித்தோன்றல்கள் அனைத்துக்கும் போய்ச் சேரும். இத்தகைய பிழைகள் சேர்ந்து, செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே புற்றுநோய்.

புகையிலையை உலர்த்திப் பதப்படுத்தும்போதே அதில் நைட்ரோசமைன்கள் என்னும் வேதிப்பொருள்கள் உருவாகிவிடுகின்றன. அதற்கு நெருப்பு தேவையில்லை. உடலுக்குள் வரும் இத்தகைய வேற்றுப் பொருளை நீரில் கரையும்படி மாற்றி வெளியேற்றுவதற்கென்று நம்மிடம் நொதிகள் இருக்கின்றன. அந்த மாற்றத்தின் இடைநிலையில்தான் ஆபத்து பிறக்கிறது: அமைதியாக இருந்த பொருள், டி.என்.ஏ.வைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் வீரியம் பெறுகிறது. நைட்ரோசமைனிலிருந்து வரும் மீத்தைல் என்னும் ஒரு சிறு அணுத்தொகுதி குவானினில் ஒட்டிக்கொண்டால், படியெடுக்கும்போது சைட்டோசினுடன் சேர வேண்டிய அந்த எழுத்து தைமினுடன் சேர்ந்துவிடுகிறது. இதைச் சரிசெய்யும் புரதமும் நம் செல்லில் உண்டு. ஆனால் அதன் ஒரு மூலக்கூறு ஒரே ஒரு பழுதைத்தான் நீக்க முடியும். ஒட்டியதைத் தன்மேல் வாங்கிக்கொண்டு அது செயலிழந்துவிடும். அதனால்தான் நான் பழக்கம் என்ற சொல்லுக்கு இத்தனை அஞ்சுகிறேன். எப்போதோ வரும் பழுதுக்கு ஈடுகொடுக்கும் செல், நாள்தோறும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் வைக்கப்படும் பொட்டலத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் பின்தங்குகிறது.

புகைப்பதில் வேறொரு பொருளும் சேர்கிறது. இலை, விறகு, நிலக்கரி என எது அரைகுறையாக எரிந்தாலும் உண்டாகும் பென்சோபைரீன், குவானினில் பெரும் சுமையாக ஒட்டிக்கொள்கிறது. பழுதடைந்த செல்லை மேலும் பிரியவிடாமல் நிறுத்தி வைக்கும் காவல் மரபணுவான பி53-இல் அது ஒட்டும் இடங்களும், புகைப்பவர்களின் நுரையீரல் புற்றுநோயில் அதே மரபணு மாறியிருக்கும் இடங்களும் ஒன்றாக இருப்பதை 1996-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாங்களும் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அண்மைக்காலம் வரை பள்ளிக் குப்பையைப் பிளாஸ்டிக்குடன் சேர்த்து வளாகத்திலேயே எரித்து வந்தோம். அதை முற்றிலும் நிறுத்திவிட்டோம். வீட்டு வாசலிலும் குப்பையை எரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளையின் வாயில் இன்று எதுவும் தெரியவில்லையே என்று நீங்கள் எண்ணக்கூடும். 1775-ஆம் ஆண்டில் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், சிறு வயதில் புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரியைச் சுரண்டியவர்களுக்குத் தோலில் புற்றுநோய் வருவதை எழுதினார். கரி பட்டது சிறுவயதில், நோய் வெளிப்பட்டதோ பெரும்பாலும் அவர்கள் வளர்ந்து ஆளான பிறகு. புற்றுநோய் உண்டாக ஒரு பிழை போதாது; வெவ்வேறு மரபணுக்களில் பல பிழைகள் ஒரே செல் வழியில் சேர வேண்டும், அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பதினைந்து வயதில் தொடங்குபவருக்கு அந்த ஆண்டுகள் நாற்பது வயதுக்குள்ளேயே நிறைந்துவிடலாம்.

பாக்கு மட்டும் போட்டால் பரவாயில்லை என்ற எண்ணமும் சரியன்று. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்குவதே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை உறுதிசெய்துள்ளது. கன்னத்தின் உட்புறம் இறுகி, வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போகும் நிலைக்கும் பாக்கே முதன்மைக் காரணம்.

உணவில் ஒன்றை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன், ஏனெனில் அது நம் எல்லார் வீட்டு அடுக்களையிலும் இருப்பது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் நஞ்சே காரணமென்று தெரியவந்தது. அஃப்ளடாக்சின் எனப்படும் அந்த நஞ்சும் கல்லீரலில் உருமாறிக் குவானினிலேயே ஒட்டுகிறது. வறுத்தாலும் அவித்தாலும் அது முழுமையாக அழிவதில்லை. எனவே சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலையைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள், பால் வழியாக அதன் ஒரு வடிவம் நமக்கே திரும்பி வரும். ஹெப்படைட்டிஸ்-பி தொற்று உள்ளவரின் கல்லீரலுக்கு இந்நஞ்சால் வரும் கேடு பன்மடங்காகிறது. பிள்ளைக்கு அந்தத் தடுப்பூசி முழுமையாகப் போடப்பட்டுள்ளதா என்று அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தந்தையருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பிள்ளையைக் கடைக்கு அனுப்பி பீடியோ சிகரெட்டோ வாங்கி வரச் சொல்லாதீர்கள். 18 வயது நிரம்பாதவருக்கு அவற்றை விற்பதையும், கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதையும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நீங்களே பழக்கத்தில் இருந்தால், விடுவதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை: பிரிட்டனில் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், 30 வயதில் புகைப்பதை விட்டவர்கள் சுமார் 10 ஆண்டுகளும், 50 வயதில் விட்டவர்கள் சுமார் 6 ஆண்டுகளும் ஆயுளை மீட்டுக்கொண்டது தெரிந்தது. விடுவதற்கு உதவி வேண்டுவோர் 1800-11-2356 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

உங்கள் பிள்ளையின் பையில் பொட்டலம் கண்டால் அடிக்க வேண்டாம். அடித்தால் ஒளித்துவைக்கும் இடம் மாறும், அவ்வளவே. வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ அழைத்து வாருங்கள். பெயர் வெளியே போகாது, மாற்றுச் சான்றிதழ் பற்றிய பேச்சும் எழாது. வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரங்களாகியும் ஆறாத புண்ணோ இருந்தால் மட்டும் எங்களுக்காகக் காத்திராமல் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்