மெட்ராஸ் கட்டாத யேல்

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறாள்.

நீ போனில் கேட்டதற்கு வாயால் பதில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீ இருக்கும் அமெரிக்க யேல் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பொங்கல் விழாவில் உன்னைப் பத்து நிமிஷம் பேசச் சொல்லி, ‘மெட்ராஸ் பணம் கட்டிய யேல்’ என்று தலைப்பையும் அவர்களே கொடுத்திருக்கிறார்கள் என்றாய். கைதட்டல் வாங்கித் தரும் தலைப்புதான். ஆனால் கேஸ் நிற்காது. பெயர் நம் ஊர் வழியாகப் போனது நிஜம். கல்லூரியை நாம் கட்டவில்லை. ஒரு காலத்தில் மெட்ராஸ் கவர்னராக இருந்த எலிஹு யேலின் பெயரை வைக்கும்போதே அந்தக் கல்லூரிக்குப் பதினேழு வயது ஆகிவிட்டது. அந்தப் பதினேழு வருஷத்தில் அவர்கள் போட்ட சண்டை இருக்கிறதே, கவர்னர் கதையைவிட எனக்கு அதுதான் சுவாரசியம்.

ஹார்வர்ட் 1636லேயே வந்துவிட்டது. ஆனால் அது மாசசூசெட்ஸில். யேல் இருக்கும் கனெக்டிகட் காலனிக்காரர்கள் பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டும், செலவும் ஜாஸ்தி. அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. ஹார்வர்டில் பழைய பியூரிட்டன் (இங்கிலாந்துத் திருச்சபையின் சடங்குகள் பிடிக்காத கறாரான கிறிஸ்தவர்கள்) பிடிப்பு தளர்ந்துவருகிறது என்று பாதிரிமார்கள் நினைத்தார்கள். இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் ஹார்வர்டில் படித்தவர்களே. 1701 அக்டோபர் 9 அன்று காலனியின் சட்டசபை, ஒரு கல்விக்கூடம் தொடங்க அனுமதி கொடுத்துச் சட்டம் போட்டது. திருச்சபைக்கும் அரசாங்கத்துக்கும் வேலைசெய்யத் தகுந்த இளைஞர்களை உருவாக்குவது நோக்கம் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. டிரஸ்டிகள் அத்தனை பேரும் பாதிரிமார்கள். பிரான்ஃபர்ட் என்ற ஊரில் அவர்கள் கூடி, ஆளுக்குக் கொஞ்சம் புத்தகங்களை மேஜைமேல் வைத்து, ‘இந்தக் காலனியில் ஒரு கல்லூரி தொடங்க இவற்றைத் தருகிறேன்’ என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. பிற்காலத்தில் கல்லூரித் தலைவராக இருந்த தாமஸ் கிளாப் எழுதிவைத்தது. வரலாற்றாசிரியர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. நீ சொல்வதானால் ‘என்று சொல்வார்கள்’ என்று சேர்த்துச் சொல்.

கட்டடம் கிடையாது. முதல் தலைவர் ஏப்ரஹாம் பியர்சன், கில்லிங்வொர்த் ஊரின் பாதிரியார். அவர் வீடுதான் கல்லூரி. 1702ல் ஜேக்கப் ஹெமிங்வே என்ற பையன் வந்து சேர்ந்தான். கொஞ்ச காலம் அவன் ஒருவன்தான் மொத்த மாணவர் கூட்டமும். பியர்சனின் சிலை உங்கள் பழைய வளாகத்தில் நிற்கிறது, பார்த்திருப்பாய். அவருடைய படம் ஒன்றும் கிடைக்காததால் சிற்பி முகத்தைக் கற்பனையில்தான் செய்தார். 1707ல் பியர்சன் இறந்துபோனதும் கல்லூரி சிதறியது. கடைசி வருஷ மாணவர்கள் மில்ஃபர்டில் புதுத் தலைவர் வீட்டருகே, மற்றவர்கள் கடற்கரையோரம் சேபுரூக்கில் டியூட்டர்களோடு. டிரஸ்டிகளோ ஆளுக்கு ஒரு ஊரில். எந்த முடிவும் வாய்தா மேல் வாய்தா.

இதற்கிடையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஜெரமையா டம்மர் என்பவர் லண்டனில் அந்தக் காலனிகளின் ஏஜெண்டாக இருந்தார். அவர் தெரிந்தவர், பெரியவர் எல்லாரிடமும் கேட்டுக் கேட்டு எண்ணூறுக்கு மேல் புத்தகங்கள் சேர்த்து, 1714ல் அனுப்பிவைத்தார். நியூட்டன் தன் நூல்களையே கொடுத்தார். எலிஹு யேலும் சில புத்தகங்கள் கொடுத்தார். என்னைக் கேட்டால் அந்தக் கல்லூரிக்கு டம்மர் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும். அலைந்தவர் அவர். ஆனால் ஊர் ஊராகக் கேட்டு வாங்கியவன் பெயரைக் கட்டடத்தில் எழுதும் வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை.

புத்தகம் வந்ததும் இடச் சண்டை முற்றியது. சேபுரூக் வேண்டாம் என்று மாணவர்களே முணுமுணுத்தார்கள். ஹார்ட்ஃபர்ட் பக்கத்து ஆட்கள் கல்லூரியைத் தங்கள் பக்கம் கேட்டார்கள். நியூ ஹேவன்காரர்கள் அதிகப் பணம் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். 1716ல் டிரஸ்டிகளில் பெரும்பான்மை நியூ ஹேவனுக்கு ஓட்டுப் போட்டது. தோற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வெதர்ஸ்ஃபீல்டில் எலிஷா வில்லியம்ஸ் என்ற டியூட்டரிடம் ஒரு கூட்டம் மாணவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். பிற்பாடு பெரிய இறையியலாளராக ஆன ஜொனாதன் எட்வர்ட்ஸ், அப்போது பதின்மூன்று வயதுப் பையன், அந்தப் போட்டிப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தான். நியூ ஹேவனிலோ கட்டடம் பாதியில் நின்றது, கையில் காசில்லை.

இங்கேதான் நம் ஊர்க் கவர்னர் வருகிறார். அதாவது, பாஸ்டனில் இருந்த காட்டன் மேதர் என்ற பாதிரியார் அவரை இழுத்துவருகிறார். மேதருக்கு ஹார்வர்ட் மேல் கோபம். 1718 ஜனவரியில் அவர் லண்டனில் இருந்த யேலுக்கு ஒரு கடிதம் எழுதினார். நியூ ஹேவனில் உருவாகிவரும் கல்லூரி உங்கள் பெயரைத் தாங்கினால், மகன்களும் மகள்களும் விட்டுச்செல்லும் பெயரைவிட அது மேலானது, எகிப்தியப் பிரமிடைவிடவும் மேலானது என்ற தொனியில். பணம் கேட்டு எழுதுவதில் மேதர் கெட்டிக்காரர். அந்த வரியைப் படித்தபோது எனக்கு நம் ஹைகோர்ட் வளாகம் ஞாபகம் வந்தது. குமாஸ்தா வேலையில் இருந்த காலமெல்லாம் சட்டக் கல்லூரிப் பக்கம் நான் கடந்துபோன அந்தக் கூர்மையான பழைய கல்லறை நினைவிருக்கிறதா? சின்ன வயதில் உன்னைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். அதன் கீழே எலிஹு யேலின் மகன் டேவிட் இருக்கிறான். மனைவி கேத்தரினிடம் பிறந்த ஒரே பையன், நாலு வயதுகூட நிரம்பாமல் இறந்தான். மேதரின் கடிதம் போய்ச் சேர்ந்த ஆள், மகனை மெட்ராஸில் ஒரு பிரமிடின் கீழே புதைத்துவிட்டு வந்தவர். அந்தக் கல்லறையை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி 2023ல் நம் உயர் நீதிமன்றமே ஒரு உத்தரவு போட்டது. வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம்.

சரி, யேல் என்ன கொடுத்தார்? ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம். சரக்கைப் பாஸ்டனில் விற்றதில் 562 பவுன் சொச்சம் வந்தது. உன் தலைப்புக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மூட்டைகளில் கேலிகோவும் மஸ்லினும் இருந்தன. அவை இந்தியத் துணியின் பெயர்கள், அதுவரை சரி. கூடவே பாப்ளினும் ஜெர்மன் லினனும் இருந்தன. லண்டன் வியாபாரி ஒருவரின் கிடங்கிலிருந்து கிளம்பிய கலவைச் சரக்கு அது. தவிர, அந்த மனிதர் பெரிய பணக்காரர். அவர் சொத்துக்கு அது ஒரு மூலைக்குக் காணாது. இன்னும் கொடுப்பார் என்று கல்லூரி காத்திருந்தது. 1721ல் அவர் செத்துப்போனார், அவர்கள் எதிர்பார்த்த பெரிய தொகை வரவேயில்லை. ஆனால் அந்த 562 பவுன் வந்த நேரம் அப்படி! பாதியில் நின்ற கட்டடம் முடிந்தது. 170 அடி நீளம், 22 அடி அகலம் மட்டும், மூன்று மாடி, மரக் கட்டடம், நீலப் பெயிண்ட். 1718 செப்டம்பர் பட்டமளிப்பில் அதற்கு யேல் காலேஜ் என்று பெயர் வைத்தார்கள். அதே நாளில் வெதர்ஸ்ஃபீல்ட் கோஷ்டியும் தனியாக ஒரு பட்டமளிப்பு நடத்தி, தன் பிள்ளைகளுக்குப் பட்டம் கொடுத்தது!

அப்புறம் டிசம்பரில் நடந்தது. புத்தகங்கள் இன்னும் சேபுரூக்கில் டேனியல் பக்கிங்ஹாம் என்பவர் வீட்டில் கிடந்தன. தர மாட்டேன் என்றுவிட்டார். காலனியின் கவர்னர் சால்டன்ஸ்டால் தானே கவுன்சிலோடு அங்கே போய் உட்கார்ந்து ஷெரிஃபுக்கு வாரண்ட் கொடுத்தார். நம்ம பாஷையில் சொன்னால் அமீனாவை வைத்து ஜப்தி. கதவை உடைத்துப் புத்தகங்களை எடுத்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஊர்க்காரர்கள் வண்டிகளை உடைத்தார்கள், மாடுகளை அவிழ்த்து விரட்டினார்கள், போகிற வழியில் பாலங்களைப் பிரித்துப்போட்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள் புறப்பட்டதில் சுமார் 250 புத்தகங்களும், கல்லூரியின் காகிதங்கள் சிலவும் காணாமல் போயின. நியூட்டனைப் படிக்கப்போகிற கல்லூரிக்காக மாட்டை அவிழ்த்துவிட்டுச் சண்டை! படித்தவர்கள் கட்டியது, வணிகர் கட்டியது என்று சுருக்கிச் சொல்லும்போதெல்லாம் இந்த மாட்டு வண்டிக்காரர்கள் விட்டுப்போகிறார்கள்.

அந்தப் புத்தகங்கள் செய்த வேலையையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1722 பட்டமளிப்பில் அப்போதைய தலைவர் திமத்தி கட்லர், இங்கிலாந்துத் திருச்சபையின் பாணியில் ஜெபத்தை முடித்தார். அவரும் நண்பர்கள் சிலரும் லண்டனிலிருந்து வந்த நூல்களைப் படித்துப் படித்து அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டிருந்தார்கள். ஹார்வர்டின் தளர்ச்சிக்குப் பயந்து ஆரம்பித்த இடத்தில் தலைவரே மாறிப்போனால் எப்படி இருக்கும்? வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது மெட்ராஸ். எலிஹு யேல் பாஸ்டனில் 1649ல் பிறந்து, மூன்று வயதில் இங்கிலாந்து போனவர். அதன்பிறகு அமெரிக்காவை எட்டிப்பார்க்கவேயில்லை. 1672ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகக் கோட்டைக்கு வந்தார். சம்பளம் வருஷத்துக்கு 10 பவுன். 1680ல் புனித மேரி தேவாலயத்தில் கல்யாணம். அந்தத் தேவாலயம் திறந்து சில நாட்களே ஆகியிருந்தன, அங்கே நடந்த முதல் திருமணமே அதுதான். 1687லிருந்து 1692 வரை கவர்னர். 1688ல் மெட்ராஸ் கார்ப்பரேஷன் தொடங்கியது அவர் காலத்தில். அதன் முதல் மேயர் நதானியேல் ஹிகின்சன் கனெக்டிகட்டில் பிறந்து ஹார்வர்டில் படித்தவர். யேலுக்கு அடுத்துக் கவர்னர் ஆனவரும் அவரே! இதைச் சொன்னால் உன் கூட்டத்தில் சிரிப்பு வரும், நான் உத்தரவாதம். அம்மா ஊர்ப் பக்கத்துச் சங்கதியும் ஒன்று உண்டு. 1690ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் கம்பெனி வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை நிலம் என்று பேச்சு. கடலூர்ப் பக்கம் குண்டு கிராமம் என்ற பெயர் அதில் வந்தது.

சொல்லாமல் விடக்கூடாத பகுதி இது. கம்பெனி வேலையில் இருந்துகொண்டே சொந்த வியாபாரம் செய்து சேர்த்த பணம் அது, வைரமும் உண்டு. பதவி போனதே அந்தக் குற்றச்சாட்டுகளால்தான். அவர் காலத்தில் கோட்டையிலிருந்து மனிதர்களும் ஏற்றுமதியானார்கள். ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை அனுப்பும்படி கவுன்சில் முடிவெடுத்தபோது அதில் அவரும் இருந்தார். அடுத்த வருஷமே, 1688ல், அதே கவுன்சில் அந்த வியாபாரத்தைத் தடைசெய்தது. மொகலாயரின் நெருக்குதல் அதில் பெரிய காரணம். இரக்கத்தால் தடுத்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் நம்பவில்லை. நியூ ஹேவனிலும் கதை வேறு மாதிரி இல்லை. உன் வளாகத்தில் மிஞ்சியிருக்கிற காலனிக் காலத்துக் கட்டடமான கனெக்டிகட் ஹாலை, 1750களின் தொடக்கத்தில் எழுப்பியவர்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களும் உண்டு. 2024ல் பல்கலைக்கழகம் இதற்கெல்லாம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

அதனால், ‘நம்ம காசு’ என்று மேடையில் பெருமைப்பட வேண்டாம். பெருமைப்பட்டால் கப்பலில் போன நம்மவர்களையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கும். பேசு, அது நல்லதுதான். ‘கொள்ளையடித்த காசில் கட்டியது’ என்று கொதிப்பவர்களிடமும் அந்த 562 பவுன் கணக்கைச் சொல். கேள்வி நேரத்தில் யாராவது ஒரு மாமா எழுந்து சண்டைக்கு வருவார். பதில் சொல்லாதே, சாப்பாட்டுப் பந்தியில் பார்த்துக்கொள்ளலாம்.

பேச்சை எழுதியதும் எனக்கு அனுப்பு, நேரம் வைத்துப் படித்துப் பார்க்கிறேன். பத்து நிமிஷம் தாண்டினால் கட்லர் கதையை வெட்டிவிடு. மேதரின் கடிதத்தையும் மாட்டு வண்டியையும் வெட்டாதே. மேலே எழுதியிருக்கிற ‘மெட்ராஸ் கட்டாத யேல்’ என்ற புதுத் தலைப்பை அவர்களிடம் இந்த வாரமே சொல்லிவிடு, அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டால் கஷ்டம். அம்மா வடகம் போட்டு வைத்திருக்கிறாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் சொல், கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா