கோகோ பட்டர் என்ற பெயரில் நீங்கள் அனுப்பிய சரக்கு குறித்து

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் ஆள் மாற்றி ஆள் பேசி அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே சோப்பும் லிப் பாமும் செய்து விற்கிறேன். கார்த்திகைக் கடைசியில் உங்களிடம் ஒரு கிலோ கோகோ பட்டர் வாங்கினேன். 'சுத்திகரிக்கப்படாதது, கலப்படமற்றது' என்று லேபிளில் போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் இளமஞ்சளாக இருக்க வேண்டும், மூடியைத் திறந்ததும் சாக்லேட் வாசனை வர வேண்டும். வந்ததோ வெள்ளை வெளேரென்று, வாசனையே இல்லாமல், விரல் பட்டால் வனஸ்பதி மாதிரி குழைகிறது.

உங்கள் சரக்கு உங்களுக்கே தெரியாதா என்ன? அசல் கோகோ பட்டர் 34 டிகிரி வாக்கில்தான் உருகும். இது மார்கழி. விடியற்காலையில் போர்வை கேட்கிறது. இந்தக் குளிரில் கத்தி வைத்தால் படக்கென்று உடைய வேண்டும். உங்கள் ஊழியர் போனில், "வெயில்ல உருகியிருக்கும் மேடம், ஃப்ரிட்ஜ்ல வைங்க" என்கிறார். எந்த வெயில்? சித்திரையில் வாங்கியபோது கூரியரிலேயே உருகி, மணல் மணலாக இறுகி வந்தது. நான் வாய் திறந்தேனா? பக்குவமாக உருக்கி ஆற வைத்தால் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும்.

டப்பாவோடு நேரில் வரச் சொன்னதும் நீங்கள்தான். மழையில் பஸ் ஏறி, மரப்பாலம் நெரிசலில் நின்று புதுச்சேரி வந்தால், "ரிட்டர்ன் எல்லாம் ஆன்லைன்லதான்." ஆன்லைனில் போட்டால், திறந்த டப்பாவை எடுக்க மாட்டார்களாம். திறக்காமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது?

அதைக்கூட விடுங்கள். கவுன்டரில் இருந்தவர், "உதட்டுக்குத்தானே, தேங்காய் எண்ணெய் தடவிக்கச் சொல்லுங்க" என்று சிரித்தாரே, அதுதான் ஆறவில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். கோகோ பட்டர் டப்பாவில் கெட்டியாக நின்று, உடம்புச் சூட்டில் இளகும். அதற்காகத்தான் இந்த விலை கொடுத்து வாங்குகிறோம்.

தை முகூர்த்தத்துக்குத் தாம்பூலப் பையில் போட லிப் பாம் கேட்டிருந்தார்கள். இறுகவே இல்லை. நான் போட்ட தேன்மெழுகும் பாதாம் எண்ணெயும் சேர்ந்து வீண். கல்யாண வீட்டார் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். இனி இந்த ஊரில் என்னிடம் ஒரு சோப்புக்கட்டிகூட யாரும் வாங்க மாட்டார்கள், என் தொழிலையே முடித்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டில் மாசமாக இருக்கும் பெண் வயிற்று அரிப்புக்குத் தடவக் கேட்டிருந்தாள். நல்லவேளை, கொடுக்கவில்லை.

முன்பு நீங்கள் அனுப்பியதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்த மரியாதைக்காகக் கேட்கிறேன்: பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், உங்கள் செலவில் டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த பேட்ச்சின் ஆய்வக அறிக்கையை அனுப்புங்கள். பொங்கலுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன். அப்புறம் நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. அப்போது மரப்பாலத்தில் நிற்கப்போவது நீங்கள்.

பில் நகலும் படங்களும் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து அந்தக் கவுன்டர்காரரைத் தவிர வேறு யாரையாவது பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பம் வாடிக்கையாளர்