ரெடிமேட் வேண்டாம், பாப்பா

அப்புத்தளை,
ஜூலை, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்கு மழை எட்டிப் பார்க்கிறது. நீயும் அங்கே சுகமாக இருக்க முருகன் துணை.

நான் கட்டிய மாதிரி கிளைடர், என்ஜின் இல்லாமல் ரிமோட்டில் பறக்கிற அந்தக் குட்டி விமானம், விழுந்த கதையைத் தம்பி போனில் உன்னிடம் ஒப்பித்துவிட்டானாம். நீயும் உடனே, "அப்பாவை விட்டுவிடச் சொல், ரெடிமேடாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன்" என்றாயாம். வேண்டாம் பாப்பா. உன் காசைப் பார்த்துச் சொல்லவில்லை. போனில் விளக்கப் போனால் லைன் வெட்டி வெட்டிப் போகிறது, உனக்கும் டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. அதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உன் மேல்தான் குற்றம். லீவு நாளில் வாஸர்குப்பே மலைக்குப் போய், அங்கே மியூசியத்தில் தொங்குகிற கிளைடர்களைப் படம் பிடித்து அனுப்பியது யார்? முதல் உலகப் போரில் தோற்ற பிறகு என்ஜின் விமானம் கட்டக் கூடாது என்று ஜெர்மன்காரருக்குத் தடை போட்டார்கள், அதனால் 1920ல் அந்த மலையில் கூடி என்ஜின் இல்லாமலே பறக்கப் பழகினார்கள் என்று நீதான் எழுதினாய். அந்த மலை 950 மீட்டராம். நம் அப்புத்தளை 1,400க்கு மேல். நமக்கென்ன குறைச்சல் என்று வாய்விட்டதற்கு, அடுத்த மாதமே ஒரு பிளானைச் சுருட்டி அனுப்பிவிட்டாய்.

நீ அனுப்பிய பிளானில் இருந்த கா 8 கிளைடர் நல்ல தேர்வுதான். ருடால்ஃப் கைசர் என்ற மனிதர் வரைந்தது, 1957ல் முதலில் பறந்தது. அலங்காரம் எதுவும் இல்லை, ஏணிக்குச் சிறகு வைத்த மாதிரி நேரான வேலை. அசல் சிறகு முனைக்கு முனை 15 மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு என்றால் நமக்கு 3 மீட்டர். நம் வீட்டு முன்னறையே அவ்வளவு நீளம் இல்லை. நல்ல வேளை, சிறகு இரண்டு துண்டாகக் கழன்று வரும்.

பிளானை விரித்த அன்றே ஒரு வில்லங்கம். வலது சிறகு மட்டும்தான் வரைந்திருந்தது. இடதைப் புரட்டிப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். அடியில் இருக்கிற கோடு மேலே தெரிய வேண்டுமே, அதற்குத் தாளில் எண்ணெய் தடவினால் போதும், கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அம்மாவின் தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் பாதி தீர்ந்தது. அவள் பேசியதை இங்கே எழுதவில்லை. அப்புறம் இன்னொன்று: இங்கே பனிமூட்டம் இறங்கினால் தாள் ஈரம் குடித்து நீளுகிறது. காலையில் அளந்த ஒன்றரை மீட்டர், மாலையில் 4 மில்லிமீட்டர் கூடி நின்றது. அதற்குப் பிறகு தாளை நம்புவதை விட்டுவிட்டு எல்லா அளவையும் இரும்பு ஸ்கேலில் எடுத்தேன்.

வேலை செய்ய மேசை கோணலாக இருந்தால் சிறகும் கோணல்தான். அதனால் பின்னறைக் கதவைக் கழற்றி நான்கு கட்டை மேல் போட்டு, நூல் பிடித்து மட்டம் பார்த்தேன். அந்த அறைக்கு இன்னமும் கதவு இல்லை. சாக்குத்தான் தொங்குகிறது.

நீ அனுப்பிய பால்சா என்கிற லேசான மரம், சிறகின் குறுக்கெலும்புகளான ரிப்புகளுக்குத்தான் காணும். உடலுக்குள் நிற்கிற சட்டங்களுக்கு, தாத்தா காலத்துத் தேயிலைப் பெட்டிப் பலகை பரணில் கிடந்ததே, அதை அறுத்தேன். உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருந்த பழைய மூன்றடுக்குப் பலகை. இப்போதெல்லாம் தேயிலை காகிதச் சாக்கில் போகிறது, அந்தப் பலகையைக் கண்ணால் காண முடியாது. அறுக்கும்போது தேயிலை வாசம் வந்தது என்று சொன்னால் தம்பி சிரிக்கிறான். வந்தது.

சிறகின் முதுகெலும்பு ஸ்பார். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, நடுவில் நரம்பு நின்றாற்போல் மெல்லிய பலகை. பறக்கும்போது சிறகு மேல்நோக்கி வளையும். மேல் பட்டை நசுங்கப் பார்க்கும், கீழ்ப் பட்டை இழுபடப் பார்க்கும், நடுப்பலகை இரண்டையும் நழுவவிடாமல் பிடிக்கும். ஸ்டோரு, அதுதான் தேயிலை ஃபேக்டரி, அதன் கூரையைத் தாங்குகிற இரும்புக் கர்டரும் அதே கணக்குத்தான். 31 வருஷம் அதற்கு அடியில் நின்று வேலை செய்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டைக்கு முடிச்சு இல்லாத பைனஸ் மரம் தேடியதில்தான் மூன்று வாரம் போனது. சிறகின் முன்பக்கத்தை மெல்லிய பலகையால் மூடிக் குழாய் மாதிரி ஆக்கிவிட்டால் முறுக்காது. பின்பக்கம் வெறும் துணி.

முனை ரிப்புகளின் பின்விளிம்புக்கு அடியில் 6 மில்லிமீட்டர் கட்டை வைத்து ஒட்டச் சொல்லியிருந்தது. ஏன் என்று முதலில் புரியவில்லை. அப்படி முறுக்கிவிட்டால், வேகம் குறையும்போது சிறகு உடலோடு சேருகிற பக்கம் முதலில் சோர்ந்துபோகும், முனை கடைசி வரை தாங்கும், ஒரு பக்கமாகக் கவிழாது. ரொம்ப யோசித்த ஆள் அந்தக் கைசர்.

எடைதான் கைமீறியது. நீளம் ஐந்தில் ஒன்றென்றால் பரப்பு இருபத்தைந்தில் ஒன்று, எடை நூற்றிருபத்தைந்தில் ஒன்று. அசல் ஆளோடு சேர்த்து அதிகபட்சம் 310 கிலோ. நம்முடையது இரண்டரைக் கிலோவில் நின்றிருக்க வேண்டும். தேயிலைப் பெட்டி 2.9க்குக் கொண்டுபோய்விட்டது. மூக்கு குட்டை என்பதால் வால் கனத்தது, அதற்கு டயர் கடையில் கேட்டு வாங்கிய ஈயத்துண்டு வேறு. கண்ணாடிக் கூண்டு, 5 லீட்டர் தண்ணீர்ப் போத்தலைச் சூடுகாட்டி மரஅச்சின் மேல் சுருங்க வைத்தது. உள்ளே உட்காரும் பொம்மையை அம்மா தைத்தாள். பெண் பிள்ளை. ஜடை போட்டிருக்கிறாள். யாரென்று நான் கேட்கவில்லை.

சரி, விழுந்த கதை.

ஆடிக்காற்று எழுந்துவிட்டது. தென்மேற்கிலிருந்து வருகிற காற்று அட்டன், மஸ்கெலியா பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம் ஊவாப் பக்கம் காய்ந்துபோய் இறங்கும். அந்தக் காய்ந்த காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த மணம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அதை வைத்துத்தான் விலை. மாடியில் கொழுந்து வாடுகிற வேகத்தைப் பார்த்தே காற்றுத் திரும்பிவிட்டது என்று தாத்தா சொல்வார். அனுமதிக் காகிதம் எல்லாம் கையில் இருந்தது. 2019 குண்டுவெடிப்புக்குப் பிறகு மேலே எது பறந்தாலும் ஆட்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள், அதனால் பக்கத்து லயத்துப் பிள்ளைகளிடமும் முன்னமே சொல்லிவைத்தேன்.

பெரகலைப் பக்கம் பார்த்த மேட்டு விளிம்பில் நின்று, தம்பி காற்றுக்கு எதிரே எறிந்தான். பாப்பா, அது கீழே போகவில்லை! மலையில் மோதிய காற்று மேலே ஏறத்தானே வேண்டும், அதிலேயே உட்கார்ந்துகொண்டது. சத்தமே இல்லை. துணி மேல் காற்று உரசுவது மட்டும் லேசாகக் கேட்டது. நம்மை நோக்கி வரும்போதுதான் சிக்கல், வலது இடமாகிவிடும். எந்தச் சிறகு தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளி முட்டுக்கொடு என்று படித்திருந்தேன், அது கைகொடுத்தது. ஒன்பது நிமிஷம். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் செய்தது மடத்தனம். இறக்குவதற்கு விளிம்புக்குப் பின்னால் மானாப்புல் மெத்தை மாதிரி கிடக்கிறதே என்று அந்தப் பக்கம் கொண்டுபோனேன். மலைக்குப் பின்னால் காற்று இறங்கும், சுருண்டு புரளும். இதைத்தான் இரண்டு வரிக்கு முன்னே தாத்தா கணக்காக உனக்கு எழுதினேன், அன்றைக்கு ரிமோட்டைப் பிடித்த கைக்கு அது தெரியவில்லை. யாரோ மேலிருந்து அமுக்கிய மாதிரி தொப்பென்று இறங்கி, இடது சிறகு சவுக்கு மரத்தில் அடித்தது. தேயிலை மேலே விழாதது ஒரு புண்ணியம், கங்காணியிடம் தப்பித்தேன்.

சிறகைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு ஒட்டுக்கூட விடவில்லை. மரம்தான் முறிந்திருந்தது, அதுவும் நடுவில் இரண்டு சிறகையும் இணைக்கிற இரும்புக் கம்பி நுழைகிற குழாய் முடிகிற அதே இடத்தில். விறைப்பு சட்டென்று முடிகிற இடத்தில்தான் எதுவும் முறியும். குழாய் முனையைப் படிப்படியாகச் சீவிவிட்டிருக்க வேண்டும். பிளான் மேல் குற்றமில்லை, அது நான் விட்ட பிழை. இப்போது பட்டையை அதன் தடிப்பைப் போல 12 மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி, அதே சாய்வில் புதுத் துண்டு வைத்து ஒட்டியிருக்கிறேன். நீ பெட்டியில் ரெடிமேடாக அனுப்பினால் நான் எந்த இடத்தைத் திருத்துவது?

அனுப்பத்தான் வேண்டுமென்றால் ஒரு சேர்வோ, அதுதான் சிறகின் மடலை அசைக்கிற குட்டி மோட்டார், அனுப்பு, இடது சிறகில் இருந்ததன் பல் போய்விட்டது. அதே வெள்ளைத் துணி 2 மீட்டர். அம்மா அந்த ஊர் சாக்லேட் கேட்கிறாள், எனக்கென்று எழுதச் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன். லீவு கிடைத்தால் செப்டம்பர் முடிவதற்குள் வா. தம்பியின் கை வலுவாக எறிகிறதே தவிர நேராக எறிவதில்லை.

ஒட்டிய சிறகு கதவு மேல் கிளாம்ப் போட்டுக் கிடக்கிறது. இந்தப் பனிக்குப் பசை காய நாளை மத்தியானம் ஆகும், அதுவரை தொடக்கூடாது. பக்கத்தில் பல்பு போட்டு வைத்திருக்கிறேன். கரண்ட் பில் வந்தால் அம்மாவுக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா