பெரியம்மா கேட்ட கேள்வி

பணகுடி
ஆனி 18

அன்புள்ள முருகா,

லண்டனில் உன்னைப் பார்த்துவிட்டு ஊர் வந்து சேர்ந்து நாலு நாள் ஆகிறது. உடம்பு இன்னும் லண்டன் நேரத்தில்தான் இருக்கிறது. ராத்திரி மூன்று மணியானாலும் தூக்கம் வர மாட்டேன் என்கிறது.

வந்த அன்றைக்கே பெரியம்மாவைப் பார்த்தேன். நீ கொடுத்துவிட்ட கம்பளியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "எவ்வளவு தூரம்யா?" என்று கேட்டார்கள். சென்னையிலிருந்து லண்டன் 8,200 கிலோமீட்டர் என்றேன். பிடிபடவில்லை. சரி, வள்ளியூரில் சாயங்காலம் ரயில் ஏறினால் விடியும்போது எழும்பூர், ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் விமானத்தில் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ்வளவுதானா? பின்னே ஏன் அவன் மூணு வருஷமா வரலை?" என்றார்கள். எனக்குப் பதில் வரவில்லை.

விமானத்தில் லண்டன் போகும்போது 11 மணி நேரம், திரும்பும்போது பத்தரை. ஒரே தூரத்துக்கு ஏன் இந்த வித்தியாசம் என்று யோசித்தபோது நம் ஆரல்வாய்மொழிதான் ஞாபகம் வந்தது. ஆடி மாதம் சைக்கிளில் போவோமே, கணவாய்க் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். நீ இறங்கி உருட்டுவாய். திரும்பி வரும்போது பெடலை மிதிக்கவே வேண்டாம், சட்டை முதுகில் உப்பிக்கொண்டு வண்டி தானாக ஓடும். மேலேயும் அதே கதைதான். முப்பது, நாற்பதாயிரம் அடி உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது; மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகம் அதற்குச் சாதாரணம். குளிர்காலத்தில் இன்னும் வலுக்கும். ஊருக்கு வருகிறவனை அது தள்ளிவிடும், ஊரை விட்டுப் போகிறவனைத்தான் மறிக்கும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

  

ஆனால் உன்னைக் களைப்படைய வைப்பது பறக்கிற நேரம் இல்லை. நீ ஒவ்வொரு தடவையும் சென்னை வழியாக வருகிறாய். வீட்டிலிருந்து கிளம்பி ஹீத்ரோ விமான நிலையத்தில் மூன்று மணி நேரம், அப்புறம் விமானம், விடியக்காலையில் சென்னையில் இறங்கி சாயங்கால ரயில் வரை காத்திருப்பு, அதற்கு மேல் கிட்டத்தட்ட 12 மணி நேரம் ரயில். கூட்டிப் பார், நாற்பது மணி நேரத்தை நெருங்கும். அதில் பறந்தது பத்தரைதான்.

வளைகுடா வழியாகத் திருவனந்தபுரத்துக்கு வா. லண்டனிலிருந்து துபாய் ஏழு மணி நேரம், அங்கிருந்து திருவனந்தபுரம் நாலு, நாலரை. இறங்கினால் நம் ஊர் சுமார் 100 கிலோமீட்டர். களியக்காவிளை, மார்த்தாண்டம் நெரிசலைச் சேர்த்தாலும் மூன்று மணி நேரம். நடுவில் மாறுகிற விமானத்துக்கு அதிகம் காக்க வேண்டியில்லாமல் பார்த்து டிக்கெட் போட்டால், அங்கே கதவைப் பூட்டிய ஒரே நாளில் இங்கே திண்ணையில் உட்கார்ந்திருப்பாய். மிச்சமாகிற நேரம் முழுக்கப் பெரியம்மாவுக்கு.

பெரியம்மாவுக்கு எண்பத்தேழு ஆகிறது, முருகா. கண் மங்கிவிட்டது, கம்பளியின் நிறத்தை என்னிடம்தான் கேட்டார்கள். நீலம் என்றேன்.

பொங்கலுக்கு வா. காற்றும் உன் பக்கம் இருக்கும். திருவனந்தபுரத்துக்கு நானே வண்டி கொண்டு வருகிறேன், தேதியை மட்டும் எழுது.

அன்புடன்,
செல்லையா